கன்னியம்மா நின்ற இடம்

முனிசாமி செத்து நாற்பத்தோராம் நாள் காலையில் விளாங்கரணை புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு இஞ்சினை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். காரின் வயிற்றுக்கடியில் ஏசித் தண்ணீர் சொட்டி, புழுதியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் படர்ந்தது.

வாசலில் ஈச்ச ஓலையைக் கிழித்துத் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்த வேண்டா, கட்டியது பாதி கட்டாதது பாதியாக எல்லாவற்றையும் வாரிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தி மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு குனிந்து கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டாள். புருஷன் முனிசாமி இருந்தவரைக்கும் அந்த வீட்டுக்குக் கீழ்த்தாழ்ப்பாள் கிடையாது. காரியம் முடிந்த மறுநாள் திருப்போரூர் போய் வாங்கி வந்து, அம்மிக்கல்லால் தட்டி அவளே ஆணி அடித்துக்கொண்டது அது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

"யக்கா, கதவத் தொற. நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"ஐய, கூடப் பொறந்தவன் குரலு கூடவா மறந்து பூட்ச்சு? கலையரசன்."

கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டு மறுபடியும் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பட்டப்பகல்ல இன்னாத்துக்கு இப்டி பூட்டிகினு கீற? உள்ள இன்னா தங்கமா காய்ச்சற?"

"கார் நிக்குதுடா."

"நிக்கட்டும். அது இன்னா கடிக்கவா போவுது? நம்ம சதாசிவம் சார் வண்டி. இன்னிக்கி சர்வேயர் வராரு இல்ல, அதுக்கு வந்துகீறாரு."

'நம்ம' என்று அவன் சொன்னது வேண்டாவின் காதில் நின்றது. கலையரசன் இரண்டு வருடமாக ஒரு வீட்டுமனைக் கம்பெனிக்குத்தான் ஜேசிபி ஓட்டுகிறான். கிழக்கே கால்வாய்ப் பக்கம் கம்பெனி வாங்கிப்போட்டிருந்த முந்திரித் தோப்பை வேரோடு பிடுங்கி மட்டமாக்கிக் கொடுத்தவன் அவன். சதாசிவம் கம்பெனியின் மேனேஜர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

தோப்புக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிறது காடு. கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு, அறுபத்திரண்டு ஏக்கர். காரையும் சூரையும் ஈச்சம்புதரும் மண்டிய மணல்மேடு. வெளியூர்க்காரன் பார்த்தால் வெறும் முள்ளென்பான். ஊர்ப் பெண்கள் துடைப்பத்துக்கு ஈச்ச ஓலை அறுப்பது அங்கேதான். ஆடு மேய்வது அங்கேதான். மழைத் தண்ணீரெல்லாம் அந்த மணலில் இறங்கித்தான் ஊர்க் கிணறுகளில் நல்ல தண்ணீராக ஊறுகிறது. கால்வாயை ஒட்டிய மற்ற ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. களாப்பழக் காலத்தில் நரி வரும், கௌதாரி குஞ்சுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகும்.

முனிசாமி சர்வே ஆபீசில் செயின்மேன். இருபத்தெட்டு வருஷம் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஜில்லா முழுக்க நடந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் காட்டை விட்டு நகரவில்லை. சவுடு மண் அள்ள வரும் லாரிக்கு முன்னால் போய் நிற்பார். சித்திரை பிறப்பதற்குள் காட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தள்ளுவார், பீடி நெருப்பு உள்ளே போகாமலிருக்க. திங்கட்கிழமை ஆனால் டிவிஎஸ் மொபெட்டில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போய்விடுவார். கம்பெனி காட்டையும் தன் பட்டா என்று சொன்னபோது கோர்ட்டில் கேஸும் போட்டார்.

"காடு இன்னா ஒங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று லாரிக்காரன் ஒருமுறை கேட்டான்.

"ஆமா நைனா. எங்கப்பன் வூட்டுது, ஒங்கப்பன் வூட்டுது, நரியோட அப்பன் வூட்டுது. மூணு பேரும் கையெழுத்துப் போட்டா அள்ளிகினு போ" என்றார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கால்வாய் ரோட்டில் விழுந்து கிடந்தார். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். எந்த வண்டி இடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். விபத்தாகவே இருக்கலாம். அது தெரியாததுதான் வேண்டாவுக்குப் பெரிய பயம். தெரிந்திருந்தால் எதற்குப் பயப்படுவது என்றாவது தெரிந்திருக்கும்.

கலையரசனுக்குக் கூழைக் கரைத்து, வறுத்த சென்னாக்குன்னிக் கருவாட்டைத் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிடவில்லை. விரலால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"யக்கா, சொல்றத கேளு. கோர்ட்டு அளக்கச் சொல்லிகீது, அளந்துட்டுப் போறாங்க. ஒன்ன இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு. மாமா பூட்டாரு. அவரு போட்ட கேஸும் அவரோட பூடும்."

"நான் இன்னாடா சொல்லப் போறேன்? எனக்கு இன்னா தெரியும்?"

"அதான். தெரியாது இல்ல? அத்தயே சொல்லு." குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் பயமாத்தான் கீது. சுஜாதா அந்த ரோட்டுலதான தெனம் வருது போவுது."

சுஜாதா அவளுடைய ஒரே பெண். கேளம்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் கூட்ரோடு வரைக்கும் வந்து, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கால்வாய் ரோட்டில் நடந்து வருவாள். போன வாரம் பைக்கில் வந்த ஒருவன், முனிசாமி பொண்ணு எங்க வேலை செய்யுது என்று பெட்டிக்கடையில் விசாரித்துவிட்டுப் போனானாம். வேண்டா அதை மகளிடம் சொல்லவில்லை.

"சாப்டுடா" என்றாள்.

"வாணாம். பத்தரைக்கு வந்துடு. மாமாவோட பைலு இருந்தா எட்த்துகினு வா, கேப்பாங்க."

அவன் போன பிறகு கட்டிலடியிலிருந்த உரச்சாக்கை இழுத்தாள். முனிசாமியின் காகிதங்களெல்லாம் அதில்தான் இருந்தன. அவர் இருந்தவரை அவள் தொட்டதில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள். ஆனால் அந்தச் சாக்கின் மேல் அவளுக்கு ஒரு வெறுப்பு இருந்தது. பெண்டாட்டியோடு பேசவேண்டிய பேச்சையெல்லாம் அந்த மனுஷன் கலெக்டருக்கே எழுதித் தீர்த்துவிட்டார் என்று.

மனு, மனுவுக்கு ரசீது, ரசீதுக்கு நகல். அடியில் நாலாக மடித்த கிராம வரைபடம். விளாங்கரணையும் பக்கத்து இரண்டு ஊர்களும் சேரும் இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் முட்டின. அந்தப் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது:

'மூணு ஊர் எல்லைக்கல். மிச்ச கல் எல்லாம் பிடுங்கிட்டாங்க. இது ஒண்ணுதான் பாக்கி. 94 ஆனியில் மஞ்சள் பூசினேன். கன்னியம்மா. வெளியில் சொல்லக் கூடாது, வூட்லயும்.'

வேண்டா இரண்டு தடவை வாசித்தாள்.

காட்டின் கிழக்குக் கோடியில், சூரைப் புதருக்குள் முழங்கால் உயரம் நின்ற கன்னியம்மாவை ஊரே கும்பிட்டது. எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கோயில் வாசலை மிதிக்காத முனிசாமி அவளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசி விளக்கேற்றுவார். வேண்டா அதைப் பக்தி என்றே நினைத்திருந்தாள். "இந்த மனுசனுக்கும் ஒரு சாமி அகப்பட்டுச்சே" என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. கல்லைப் பிடுங்குகிறவன் மஞ்சள் பூசின கல்லைப் பிடுங்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். யாரோ ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறாள், இன்னொருத்தி அகல் வைத்திருக்கிறாள், கல் அம்மனாகிவிட்டது. பெண்டாட்டிக்குத் தெரிந்தால் கிணற்றடிக்குத் தெரியும், கிணற்றடிக்குத் தெரிந்தால் அம்மன் மறுபடியும் கல்லாகிவிடும் என்று அவளிடமும் மறைத்துவிட்டார்.

அவர் செத்து மூன்று வெள்ளிக்கிழமை கன்னியம்மாவுக்கு விளக்கில்லை. காட்டுக்குள் தனியாகப் போக யாருக்கும் தைரியமில்லை. ஆடு வளர்க்கும் காசியம்மாளின் இரண்டு ஆடுகள் கழிச்சலில் செத்தன. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. "ஆத்தா பசியா கீறா" என்றார்கள். அம்மனை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடலாம், பயமில்லாமல் விளக்கேற்றலாம் என்று முதலில் சொன்னது வேறு யாருமில்லை, வேண்டாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்கள் கடப்பாரையோடு போனார்கள். தோண்டி எடுத்து, ஈரப் புடவையில் கிடத்தி, குலவையிட்டுக்கொண்டே தூக்கி வந்தார்கள். காட்டின் மேற்கு ஓரத்து வேப்பமரத்தடியில் நட்டார்கள். கேள்விப்பட்டு சதாசிவம் வந்து கும்பிட்டு, மேடை கட்டி டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தான். நல்ல மனுஷன் என்று வேண்டா அன்றைக்கு நினைத்தாள்.

வரைபடத்தில் கல்லுக்கு மேற்கே 'புறம்போக்கு' என்றிருந்தது. கிழக்கே 'பட்டா'. கல்லை மேற்கே நகர்த்தியாகிவிட்டது. இப்போது அளந்தால் நடுவில் இருக்கும் காடு முழுக்கப் பட்டாவில் விழும். முப்பது வருஷம் அவர் காத்ததை அவர் செத்த இருபதாம் நாள், குலவையிட்டு, அவளே தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

காசியம்மாள் வீட்டுக்குப் பின்பக்கமாகவே போனாள், காருக்குத் தெரியாமல். காசியம்மாள் ஆட்டுப்பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேண்டா சொல்லி முடித்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இன்னாடி சொல்ற? அப்போ அது ஆத்தா இல்லியா?"

"கவுர்மெண்டு கல்லாம்கா."

"நான் அதுக்கு முடி எறக்கிகீறேன்டி! எம் பேரனுக்கு மூணு மொட்ட போட்டேன். கவுர்மெண்டுக்கா போட்டேன்?" சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தப்பு தப்பு. ஆத்தா, மன்னிச்சிக்கோ. இருந்தாலும் இருப்ப."

"காசிக்கா, எல்லைக்கல்ல பேத்தா ஜெயிலுன்னு அவரு சொல்வாரு. மனு முழுக்க அத்தான் எழுதிகீறாரு. கல்லைப் பிடுங்கினவன் மேல நடவடிக்க எடு, நடவடிக்க எடுன்னு."

"அப்போ வாயத் தொறக்காத. யாரு பாத்தா? ஏழு பேரும் சொல்ல மாட்டோம்."

"காடு பூடுமே."

காசியம்மாள் பட்டிக்குள் நின்ற ஆடுகளைப் பார்த்தாள். காடு போனால் அவை மேய இடமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"முனிசாமி அண்ணன் வாயத் தொறந்துதான போச்சு" என்றாள் கடைசியில். "ஒனக்கு வயசுப் பொண்ணு கீது. பேஜாரு வாணாம்."

பத்தரைக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றே இல்லை. வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. சர்வேயர் பாலசுப்ரமணியன் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் ஈரத் துண்டு. முக்காலியில் மெஷினைப் பொருத்திக்கொண்டே முனிசாமி பெண்டாட்டி யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"எனக்கு ட்ரெயினிங்ல செயின் புடிச்சவரும்மா. செயின் தொங்குனா திட்டுவாரு, ஆபீசர்னுகூடப் பாக்க மாட்டாரு" என்றார். மெஷினுக்குள் கண்ணை வைத்துக்கொண்டார்.

சதாசிவம் எல்லோருக்கும் மோர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாவிடம் வந்ததும், பாக்கெட்டின் முனையைக் கிள்ளித் திறந்து நீட்டினான்.

"குடிங்கம்மா, வெயிலு. பாப்பா கேளம்பாக்கத்துலதான வேலை? நேத்து பார்த்தேன், கால்வாய் ரோட்டுல தனியா நடந்து வந்துச்சு. அந்த ரோட்டுல வண்டியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம ஓட்றாங்க. உங்களுக்குத் தெரியாததா? பார்த்து வரச் சொல்லுங்க."

அவன் முகத்தில் அக்கறையைத் தவிர ஒன்றுமில்லை. வேண்டா மோரை வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சர்வேயர் மேடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கல்லின் உச்சியில் அப்பியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் ஈரத் துண்டால் மெல்லத் துடைத்தார். உள்ளே கூட்டல் குறி மாதிரி ஒரு வெட்டு தெரிந்தது. கூட்டத்தில் பெண்கள் 'ஐயோ' என்றார்கள்.

"பழைய கல்லுதான். ஆனா மேடை புதுசா இருக்கே?" என்று நிமிர்ந்தார். "இந்தக் கல்லு எப்பவும் இதே எடத்துலதான் இருக்கா?"

"எங்க தாத்தா காலத்துலருந்து இங்கதான் சார் கீது. மேடை மட்டும் இப்பத்தான் கட்னாங்க" என்றான் கலையரசன். அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

சர்வேயர் வேண்டாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

நாற்பது ஐம்பது கண்கள். காசியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதாசிவம் காலி மோர்ப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான், மிகவும் பொறுப்பாக.

வேண்டா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது. மெஷின் காட்டிய திசையில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை அடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு அடியும் அவள் பிடரியில் விழுந்தது. குச்சிகள் காட்டுக்குள் இறங்கவே இல்லை, காட்டின் மேற்கு விளிம்போடு வடக்கே போயின. காடு மொத்தமும் அந்தப் பக்கம் நின்றது. எங்கோ ஒரு கௌதாரி கத்திக்கொண்டே இருந்தது. வேண்டா ஒரு கல்லின்மேல் குந்திக்கொண்டு, முடியட்டும், சீக்கிரம் முடியட்டும், வீட்டுக்குப் போய் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. இனி திங்கட்கிழமை வேறு கிழமை என்றில்லை, யாரும் வந்து எதுவும் கேட்கப்போவதில்லை.

ஒரு மணிக்கு அளந்து முடித்தார்கள். சர்வேயர் நிழலில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்து எழுதினார். கம்பெனி சார்பில் சதாசிவம் கையெழுத்துப் போட்டான், பார்க்காமலே. பிறகு அட்டை வேண்டாவிடம் வந்தது.

"மனுதாரர் எடத்துல நீங்கதாம்மா போடணும். வாரிசுன்னு."

கலையரசன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான். "இங்க யக்கா. இந்தக் கோட்டு மேல."

அவள் படித்தாள். முனிசாமி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட இரண்டு பக்கமும் படிப்பார், சிலிண்டர்காரன் வாசலில் நின்று பல்லைக் கடிப்பான்.

"சீக்கிரம் போடுக்கா, சாரு சாப்பிடப் போவணும்."

"இருடா." விரலை வைத்து வரி வரியாக வந்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது. "'மேற்படி எல்லைக்கல் ஆதியிலிருந்து இதே இடத்தில் இருந்து வருவதாக, மனுதாரர் முனிசாமியின் தரப்பில் ஒப்புக்கொள்ளப்படுகிறது.'" வாய்விட்டே வாசித்தாள். "இது அவரு பேர்லயா சார் எழுதிகீறீங்க?"

"அவரு கேஸும்மா. அவரு பேருதான் வரும்."

"அவரு ஒப்புக்கினாருன்னா?"

"அவரு தரப்புல. அதாவது நீங்க."

தான் தலையாட்டினது தன்னோடு போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது அவர் வாயால் சொன்னதாக ஆகும் என்று நினைக்கவில்லை. முப்பது வருஷம் ஒரே பேச்சு பேசிய மனுஷன். செத்த பிறகு அவர் வாயில் வேறு பேச்சை வைக்கச் சொல்கிறார்கள்.

"இது பொய்யி சார்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"யக்கா!"

"நீ சும்மாருடா. கல்லு இங்க இல்ல சார். நாங்கதான் தூக்கியாந்து வச்சோம். இருவது நாளாவுது. அது எல்லைக்கல்லுன்னு எங்களுக்குத் தெரியாது. ஆத்தான்னு நெனச்சோம்." கிழக்கே கையை நீட்டினாள். "எடத்த நான் காட்றேன்."

சர்வேயர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "வாங்க" என்று எழுந்தார்.

வேண்டா முன்னால் நடந்தாள். ஈச்சம்புதர்களுக்கு நடுவே ஆட்டுத்தடம் ஒன்று போகும். நானூறு ஐநூறு அடி. முள் புடவையை இழுத்தது. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. முதுகில் எதுவோ வந்து விழப்போகிறது என்று தோள்கள் குறுகிக்கொண்டே வந்தன. நடுவில் ஒருமுறை வழி தவறிவிட்டது. நின்றாள். எல்லாப் புதரும் ஒன்றுபோல் இருந்தது.

"இப்டி இல்லடி. அந்த களாச் செடிக்கு சோத்தாங்கைப் பக்கம்" என்றது பின்னாலிருந்து காசியம்மாள் குரல்.

அங்கே இருந்தது. மணல் சரிந்து, மேலே சருகு விழுந்து, ஒரு அடிப் பள்ளம். சர்வேயர் தன் ஆளைத் தோண்டச் சொன்னார். இரண்டு வெட்டில் கறுப்பாக வந்தது. அடுப்புக்கரி. கரியோடு உடைந்த பாட்டில் கண்ணாடி, ஓட்டுச் சில்லு. சர்வேயர் ஒரு கரித்துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தார்.

"செயின்மேன் வேலை" என்றார். "கல்லு போனாலும் கரி மக்காது. கண்ணாடி மக்காது. கல்லுக்கு அடியில போட்டு வைக்கணும்னு அவருதான் எனக்குச் சொன்னாரு."

சதாசிவம் கைக்குட்டையால் சட்டையில் ஒட்டிய முள்ளைத் தட்டிவிட்டான். குரல் மாறவில்லை. "அம்மா, எல்லைக்கல்லைப் பேக்கறது குற்றம். எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க மேலதான் கேஸ் வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

வேண்டா குனிந்து ஒரு கரித்துண்டைக் கையில் எடுத்தாள்.

"அவ தனியாத் தூக்கிடுவாளா?" என்றாள் காசியம்மாள். "அந்தக் கல்லு இன்னா கனம் கனக்குது தெரியுமா சாரு? நீ வந்து தூக்கிப் பாரு, இடுப்பு பூடும். ஏழு பேரு தூக்கனோம். எழுதிக்கோ, காசியம்மாள். கடப்பாற என்து."

"எம் புருசன் பேரும் எழுதணுமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. "அந்தாளுக்குத் தெரிஞ்சா ஒதைப்பான்."

"ஒதைச்சான்னா அத்தயும் எழுதச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். வேண்டா சிரிக்கவில்லை. சர்வேயர் புதிதாக எழுதிய தாளில், வேண்டாவோடு சேர்த்து ஏழில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் எப்போதோ நழுவிப் போயிருந்தார்கள். அவர்களை அவளால் திட்ட முடியவில்லை. காலையில் அவளும் தலையாட்டினவள்தான்.

கலையரசன் காட்டுக்குள் வரவேயில்லை. அவள் வெளியே வந்தபோது வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். "என் வேல பூட்ச்சுக்கா" என்றான். "வேல போனா போவட்டும். இனிமே ஒனக்கு இன்னா ஆனாலும் என்ன கேக்காத." சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். போகவும் இல்லை.

நாலரைக்கெல்லாம் வேண்டா கூட்ரோட்டுக்குப் போய்விட்டாள். சுஜாதா வருவது ஐந்தரைக்கு. கடல் காற்று இறங்கியிருந்தது. திருவிடந்தை கோயிலுக்கு வந்துவிட்டுப் போகும் கல்யாணம் ஆகாத பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் மாலையும் கையுமாக ஆட்டோவில் போனார்கள். ஐந்தேகாலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அதில் இல்லை. ஐந்தரைக்கு ஒன்று. அதிலும் இல்லை. போன் போட்டாள், முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி போட்டாள். வெள்ளைக் கார் எங்கே என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்க்கிற காரெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஆறு மணிக்கு மூன்றாவது ஆட்டோ நின்றபோது அவள் பெட்டிக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுஜாதா இறங்கினாள். "இன்னாமா, இங்க வந்து நின்னுகினு கீற?"

"ஏன்டி லேட்டு? போன் எட்க்க மாட்டியா?"

"பேஷண்ட் இருந்தாங்கமா. இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

நடந்துகொண்டே சொன்னாள். கல்லைத் தூக்கியது, வரைபடம், தலையாட்டியது, படித்துப் பார்த்தது, கையெழுத்து. சதாசிவம் மோர் கொடுக்கும்போது சொன்னதையும் சொன்னாள். இனி அதை மறைக்கக் கூடாது என்று தோன்றியது. சுஜாதா தோளில் மாட்டியிருந்த பையை எடுத்து முன்னால் அணைத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுக்குப் போவணுமா?"

"வர்ற பதினேழாம் தேதி. நானே வந்து சொல்லணுமாம்."

"அப்பா பூட்டாரு. இப்போ நீ கெளம்பிட்ட." அவள் குரல் உடைந்தது. "என்ன ஒரு வார்த்த கேட்டியாமா? நான்தான இந்த ரோட்டுல வரணும்?"

வேண்டா கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் சுஜாதா வேண்டாம் என்றிருப்பாள், வேண்டாவும் அதற்குக் கட்டுப்பட்டு, அந்தப் பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"தெனம் நான் வந்து நிக்கறேன்" என்றாள்.

"நீ நின்னு இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கூட நடப்பேன்."

கால்வாயில் தண்ணீர் கறுத்திருந்தது. முன்னால் ஊர் வரைக்கும் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

"எனக்குப் பயமா கீதுமா."

"எனக்கும்தான்."

பின்னால் ஒரு வண்டியின் சத்தம் கேட்டது. தூரத்தில், ஒரே சீராக. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுஜாதா ரோட்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். வேண்டா மகளின் முழங்கையைப் பிடித்துக் கால்வாய்ப் பக்கம் தள்ளிவிட்டு, தான் இந்தப் பக்கம் வந்து நடந்தாள். சத்தம் பெருத்தது. பக்கத்தில் வந்து, தண்ணீரைச் சிந்திக்கொண்டு தாண்டிப் போனது. தண்ணி லாரி. சுஜாதா மூச்சை விட்டாள்.

வேண்டா கையை எடுக்கவில்லை. பின்னால் இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது.